முத்திரைக்கூடம் முதல் நீதிமன்றம் வரை: நம்ம புத்தளம்



போன கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "வெள்ளைக்காரன் வருவதற்கு முன் புத்தளத்தில் வழக்குக் கேட்டது யார்?" ஒருவருக்கும் தெரியவில்லை. பிழை பிள்ளைகளுடையதல்ல, நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் மண்ணைப் பார்ப்போம். வடக்கே மோதரகம் ஆறு, தெற்கே மகா ஓயா, மேற்கே கடல். நடுவில் நம் களப்பு. அதற்கும் கடலுக்கும் இடையில் கற்பிட்டிக் குடாநாடு. கலா ஓயாவும் மீ ஓயாவும் களப்பில் வந்து சேருகின்றன. உப்பு, மீன், தென்னை, மழையை நம்பிய வயல், இவைதான் நம் சீவியம். 'உப்புத்தளம்' என்பதே புத்தளம் ஆனது என்று மூத்தோர் சொல்வார்கள். ஊரின் சச்சரவும் பெரும்பாலும் இந்த மண்ணையும் தண்ணீரையும் சுற்றியதுதான்.

அந்தச் சச்சரவுகளைத் தீர்க்க இங்கே 'முத்திரைக்கூடம்' என்றொரு மன்று இருந்தது. முக்குவ வன்னியர்மார் 18 பேர் அதில் கூடி வழக்குக் கேட்டார்கள் என்று சைமன் காசிச்செட்டி எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பியர் காலத்தில் அது மறைந்து போனது.

ஒல்லாந்தரின் கற்பிட்டிக் கோட்டை 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் நாடெங்கும் மாவட்ட நீதிமன்றங்களை அமைத்தது. அதில் ஒரு விசயம் கவனிக்க வேண்டியது: நீதிபதி தனியே இருக்கவில்லை, அவரோடு மூன்று அசெசர்மாரும் அமர்ந்தார்கள். சட்டம் படித்தவருக்குப் பக்கத்தில் ஊர் வழமை தெரிந்தவரும் இருக்க வேண்டும் என்பது அன்றே விளங்கியிருந்தது.

காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். புத்தளத்தில் மணியகாரராக இருந்தார், பின்னர் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியானார். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகர வரிசையில் விவரிக்கும் 'சிலோன் கசற்றியர்' நூலை 1834இல் வெளியிட்டார். நீதிபதி ஆசனத்தில் அமர்வதற்கு முன்பே மண்ணையும் மனிதரையும் படித்து எழுதியவர் அவர். நம்மவர் அல்லாத ஒருவர், நம் சோனகரின் வழக்கங்களையும் எழுதி வைத்தார். நாம் நம்மைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

இது பழங்கதை என்று விட்டுவிட வேண்டாம். இன்றும் காணி வழக்கில் பேசுவது உறுதிதான். வடக்கே இன்னாருடைய தோட்டம், கிழக்கே வாய்க்கால் என்று நாலு எல்லையும் அதில் இருக்கும். அந்த வாய்க்கால் தூர்ந்து, தோட்டத்தின் பெயரும் மறந்து போனால், எந்த நீதிபதியாலும் நம் எல்லையைக் கண்டுபிடிக்க முடியாது. 1990இல் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து இங்கே தங்கிய நம் சகோதரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு உறுதிக் கடதாசியின் பெறுமதியைச் சொல்வார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பெட்டகத்தில் கிடக்கும் பழைய உறுதிகளைக் கறையான் தின்ன முதல் எடுத்துப் பிரதி செய்து வையுங்கள். (முகநூலில் போட வேண்டாம்!) அதிலுள்ள தோட்டம், குளம், ஒழுங்கைப் பெயர்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாப்பும்மா, மூத்தவாப்பா இருக்கும்போதே அந்த இடம் எது என்று கேட்டு வையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். மற்றதை வகுப்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.