ஃப்ளாஷைக் கைவிட யூடியூபுக்கு ஏன் 5 வருஷம் ஆச்சு?

வீடியோ வர வேண்டிய இடத்துல ஒரு சாம்பல் கட்டம், "ஃப்ளாஷ் பிளேயரை அப்டேட் பண்ணுங்க"ன்னு ஒரு வரி. ஞாபகம் இருக்கா?

2005-ல் யூடியூப் தொடங்கினப்போ, பிரவுசருக்குத் தானா வீடியோ ஓட்டத் தெரியாது. ஃப்ளாஷ் பிளகின் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஏற்கெனவே இருந்தது. யூடியூப் அதைப் பிடிச்சுக்கிட்டது.

2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த கடிதம் எழுதினார்: பாதுகாப்பு மோசம், பேட்டரியைத் தின்னுது, ஐபோனில் ஃப்ளாஷுக்கு இடமில்லை. அந்த ஜனவரியிலேயே யூடியூப் எச்டிஎம்எல்5 பிளேயரை சோதனைக்கு விட்டிருந்தது. ஆனா ஃப்ளாஷை ஒதுக்கிட்டு அதையே வழக்கமான பிளேயர் ஆக்கினது 2015 ஜனவரியில்தான்.

சோம்பேறித்தனம்னு சொல்லிடலாம். நான் அப்படி நினைக்கல. புது வீடியோ டேக் ஒரு கோப்பை ஓட்டும், சரி. எந்த ஃபார்மட்டில் இருக்கணும்? அதை யாரும் முடிவு பண்ணல. ஆப்பிள் எச்.264 பக்கம். அதுக்குப் பேட்டன்ட் இருக்கு, லைசென்ஸ் பணம் கட்டணும். யாரும் இலவசமா எடுத்து மாத்தி வெளியிடக்கூடிய ஃபயர்பாக்ஸுக்கு அது ஒத்துவராதுன்னு மொசில்லா மறுத்தது. 2010 மே மாசம் கூகுள், வெப்எம்னு ஒரு இலவச ஃபார்மட்டைக் கொண்டுவந்தது. அதை ஆப்பிள் எடுத்துக்கல. அப்போ ஒவ்வொரு வீடியோவுக்கும் இரண்டு பிரதி வைக்கணும்.

இதுல வேடிக்கை என்னன்னா, ஃபயர்பாக்ஸ் வேண்டாம்னு சொன்ன அதே எச்.264 வீடியோவை, ஃப்ளாஷ் ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து ஓட்டிக்கிட்டு இருந்தது!

இன்னும் சில குறைகள். நெட் மெதுவானா பாதியில் தரத்தைக் குறைச்சு ஓட்ட புது டேக்கில் பொது வழி இல்லை. வாடகைக்குக் கொடுக்கிற சினிமாவுக்குக் காப்பி தடுப்பு இல்லை. ஃபுல் ஸ்கிரீன்கூட தகராறு. இதையெல்லாம் யூடியூபே 2010 ஜூனில் வெளிப்படையா எழுதியது.

மொசில்லா 2012-ல் இறங்கி வந்தது. போனில் ஏற்கெனவே இருக்கிற எச்.264 டிகோடரைப் பயன்படுத்திக்கலாம்னு முடிவெடுத்தாங்க. அடுத்த வருஷம் சிஸ்கோ, லைசென்ஸ் பணத்தைத் தானே கட்டி, ஒரு எச்.264 தொகுப்பை எல்லாருக்கும் இலவசமா தர்றோம்னு அறிவிச்சது. கொள்கையில் மொசில்லா சொன்னது சரிதான், ஆனா பயனாளிகள் காத்திருக்கத் தயாரா இல்லை.

அடோபி 2020 டிசம்பர் 31-ஓட ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயரே எதையும் ஓட்ட மறுத்தது. சொந்தமா ஃப்ளாஷ் பிளேயர் கட்டி, அப்புறம் கவனிக்க ஆளில்லாம போன சின்னச் சின்ன தளங்களில் அந்த சாம்பல் கட்டம் அப்படியே நின்னுபோச்சு.