தரையை முதலில் படி: ரேக்ளாவும் பாரிஸ்–ரூபேயும்

பந்தயத்துக்கு முந்தைய நாள் “நாளைக்கு யார் அடிப்பாங்க?” என்று கேட்காத ஊர் இல்லை. சென்னிமலையிலிருந்து காங்கேயம், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி வரை இந்தக் கேள்வி ரேக்ளா வண்டிப் பந்தய மாடுகளைப் பற்றியது. வடக்குப் பிரான்சில் ஏப்ரல் மாதம் இதே கேள்வி பாரிஸ்–ரூபே மிதிவண்டிப் பந்தயத்தைப் பற்றியது. ஒன்று அரை நிமிடத்துக்குள் முடிவது, மற்றொன்று பகலில் பெரும்பொழுதை விழுங்குவது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதால் ஒரு பயன் உண்டு. ஜெயிக்கப்போவது யார் என்று கணிப்பவர் ஓடுபவரைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்க்க வேண்டும் என்பதை இரண்டும் இரு வேறு வழிகளில் காட்டுகின்றன.

கொங்கு ரேக்ளாவின் தரை நேரானது. இளங்காளைகளுக்கு 200 மீட்டர், வளர்ந்த காளைகளுக்கு 300 மீட்டர் என்பது வழக்கம். ஒவ்வொரு வண்டியாக ஓடவிட்டு நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். குறைந்த நேரத்தில் கடந்த ஜோடிக்குப் பரிசு. முந்துவது, மறிப்பது, பின்னால் ஒட்டிக்கொண்டு போவது என்று எதுவும் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பல வண்டிகள் ஒரே சாலையில் மைல்கணக்கில் ஓடும். அங்கே அடுத்த வண்டியும் கணக்கில் சேர்ந்துவிடும். கொங்கு ரேக்ளாவில் எதிரி கடிகாரம் மட்டுமே.

1896இல் தொடங்கிய பாரிஸ்–ரூபேயின் தரையோ முற்றிலும் வேறு. பெயரில் பாரிஸ் இருந்தாலும் 1977 முதல் கொம்பியேன் நகரில் புறப்பட்டு, ஏறத்தாழ 260 கிலோமீட்டர் ஓடி, ரூபே நகரத்து மிதிவண்டி அரங்கில் முடிகிறது. இடையில் சுமார் 30 இடங்களில் பழைய கருங்கல் பாவிய பாதைகள் வருகின்றன. அவற்றைக் கூட்டினால் 55 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு பாதைக்கும் கரடுமுரடுக்கு ஏற்ப ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். ஆரன்பெர்க் காடு, மோன்ஸ்-ஆன்-பெவெல், கார்ஃபூர் த லார்ப்ர் மூன்றுக்கும் ஐந்து நட்சத்திரம். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் புழுதி. இங்கே தரையே ஒரு போட்டியாளர்.

ஆளைத் தரை தேர்ந்தெடுக்கிறது என்பதற்குச் சான்று தேடிப் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1,320 கற்படிகள். திருமஞ்சனத் தண்ணீரைக் காளைகள் அந்தப் படி வழியாகவே மேலே கொண்டுபோவது வழக்கம். 1984 பிப்ரவரி 12 அன்று இரட்டை மாடு பூட்டிய வண்டி அந்தப் படிகளில் ஏறியது என்பதைக் கோயில் பெருமையோடு நினைவில் வைத்திருக்கிறது. கல்லில் குளம்பு வழுக்காமல் நின்று நிதானித்து ஏறும் காளைக்கு வேண்டிய குணம் வேறு. வண்டியைப் பூட்டியதும் அம்பாய்ப் பாயும் ரேக்ளாக் காளைக்கு வேண்டிய குணம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை நிறுத்தினால் இரண்டுமே தடுமாறும்.

தரையைப் படித்த பிறகுதான் உடலைப் பார்க்க வேண்டும். ரேக்ளாவில் பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார்கள். திமில், கால், நடை, சுழி எல்லாம் பார்ப்பார்கள். சுழி நம்பிக்கை, நடை சான்று. எல்லாவற்றுக்கும் மேலானது ஜோடிப் பொருத்தம். வலத்து மாடு எவ்வளவு வேகமாக இருந்தாலும் இடத்து மாடு பின்தங்கினால் வண்டி கோணிப்போகும். ஆகவே பேர்போன ஒற்றைக் காளையை நம்பிச் சொல்வதைவிட, அதே ஜோடி அதே தூரத்தை அண்மையில் எத்தனை விநாடியில் கடந்தது என்று கேட்டுச் சொல்வதே சரி.

ரூபேயில் உடலைப் பற்றிய விதி எளிதுபோலத் தோன்றும். மலையேறும் ஒல்லி வீரர்களைக் கல் தூக்கிப் போடும். எடையும் வலுவும் உள்ளவர்களே தாங்குவார்கள் என்பது பழைய கணக்கு. நான்கு முறை வென்ற டாம் போனன் அந்தக் கணக்குக்குப் பொருந்தினார். ஆனால் டூர் த பிரான்ஸை வென்ற தாடே பொகாச்சார் 2025இல் முதன்முறை வந்தே இரண்டாம் இடம் பிடித்தார். உடலை மட்டும் வைத்து ஆளைக் கழித்துவிடக் கூடாது.

அனுபவம் இதைவிட உறுதியான அளவுகோல். 2016இல் ஆஸ்திரேலியாவின் மேத்யூ ஹேமன் கை எலும்பு முறிந்து, வீட்டுக்குள்ளேயே நிலைமிதிவண்டியில் பயிற்சி செய்துவிட்டு வந்து, ஐந்தாம் வெற்றியைத் தேடிய போனனையே கடைசி ஓட்டத்தில் வென்றார். அவரை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் அது அவருக்கு 15ஆவது ரூபே. எந்தக் கல் எங்கே தூக்கி அடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இதற்கு மாறாக 2021இல் சேற்றில் நடந்த பந்தயத்தை, முதன்முறை வந்த இத்தாலியர் சோனி கொல்பிரெல்லி வென்றார். விதிவிலக்கு உண்டு என்பதையும் கணிப்பில் எழுதிவைக்க வேண்டும்.

மாட்டுக்கு ஜோடி எப்படியோ, வீரருக்கு அணி அப்படி. 2011இல் எல்லாரும் பெரிய பெயரான ஃபாபியன் கன்செலாராவையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோர் ஹுஷோவ்த் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டார். முன்னே போயிருந்த ஹுஷோவ்தின் அணித்தோழர் யோஹான் வான் சமரன் வென்றார். பெரிய பெயரைச் சுற்றிக் காவல் நிற்கும்போது, வலுவான அணியின் இரண்டாம் ஆளுக்கு வழி திறக்கிறது. ரேக்ளாவில் இதற்கு இடமே இல்லை. ஒரு வண்டி ஓடும்போது இன்னொரு வண்டியைக் காவல் காக்க முடியாது.

இரண்டும் பெரிதும் பிரிவது விபத்தில்தான். ரேக்ளாவில் மாடு மிரளலாம், கோடு விலகலாம். அந்த இழப்பு அந்த வண்டியோடு போய்விடும். ரூபேயில் ஒருவர் விழுந்தால் பின்னால் வரும் பத்துப் பேர் நிற்க நேரும். 2023இல் கார்ஃபூர் த லார்ப்ரில் வவுட் வான் ஆர்ட்டின் சக்கரம் பஞ்சரானது. மதியூ வான் டெர் பூல் தனியே போய் வென்றார். 2025இல் பொகாச்சார் ஒரு வளைவைத் தவறாகக் கணித்து விழுந்தார். அந்த ஆண்டும் வான் டெர் பூல்தான். 2023, 2024, 2025 என்று அவர் தொடர்ந்து மூன்று முறை வென்றதை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. மற்றவர்களுக்கு நேரும் விபத்திலிருந்து விலகி நிற்பதற்கு முன்வரிசையில் இருக்க வேண்டும். மணிக்கணக்கில் முன்வரிசையில் இருப்பதற்கு வலு வேண்டும்.

ஆகவே இரண்டு பந்தயத்துக்கும் ஒரே மாதிரிப் பட்டியல் போடுவது தவறு. ரேக்ளாவுக்கு முதல், இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பெயர் சொல்லலாம். விநாடிக் கணக்கு அதற்கு இடம் கொடுக்கிறது. ரூபேக்கு அடுக்கடுக்காகச் சொல்வதே நேர்மை. முதல் அடுக்கில், அந்தக் கல்லில் முன்பே முதல் பத்துக்குள் வந்து, ஒரு வாரம் முன்னால் நடக்கும் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்திலும் வலுவைக் காட்டிய இரண்டு மூன்று பேர். அடுத்த அடுக்கில், வலு இருந்தும் அந்தத் தரையைக் குறைவாகப் பழகியவர்கள். மூன்றாவதாக, யாரும் காவல் நிற்காத, நல்ல அணியைச் சேர்ந்த பழைய கை ஒருவர். இந்த மூன்றாம் பெயரைச் சொல்லத்தான் கணிப்பவருக்கு உண்மையான படிப்பு வேண்டும். ஹேமனையும் வான் சமரனையும் முன்கூட்டியே எழுதத் தவறியவர்கள் அந்த ஒரு வரியைத்தான் காலியாக விட்டார்கள்.