பெயர் எழுதப்படாதோர்

மாத்தளை நகருக்கு வடக்கே அலுவிகாரை என்னும் ஊர் உளது. கி. மு. முதலாம் நூற்றாண்டில், பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் ஏறியது அங்கேதான் என்பது மரபு. அக்காலத்து மன்னன் வலகம்பாவின் பெயரை நாம் அறிவோம். எழுத்தாணி பிடித்தவர் பெயரை அறியோம்.

கைவினைஞர் வரலாறும் இத்தகையதே. கண்டி இராச்சியத்தில் குயவரும் கொல்லரும், தாம் உழுத நிலத்துக்கு ஈடாக, அரசனுக்கும் கோயிலுக்கும் ஊழியம் செய்தனர். 1832இல் ஆங்கில அரசு இராசகாரியத்தை ஒழித்தது. கட்டாய ஊழியம் நீங்கியது நன்றே. ஆயின் கைவினைஞன் இறக்குமதிச் சரக்கோடு தனியே போட்டியிட நேர்ந்தது. அழிந்துவரும் அக்கலைகளை 1908இல் ஆனந்த குமாரசுவாமி நூலாகப் பதிவு செய்தார்.

நூல் கலையைக் காட்டும். கையைப் பழக்குவது பட்டறையே. எனா த சில்வா (1922–2015) தம் முன்னோர் ஊராகிய அலுவிகாரையில் அத்தகைய பட்டறை ஒன்றை நிறுவினார். கிராமத்துப் பெண்கள் பத்திக்கும் பூத்தையலும் பயின்றனர். மரவேலையும் பித்தளை வார்ப்பும் உடன் நடந்தன. பத்திக் எளிய தொழிலன்று. துணியில் உருகிய மெழுகிட்டுச் சாயத்தில் தோய்த்தல் வேண்டும். நிறந்தோறும் அவ்வேலையை மீண்டும் செய்தல் வேண்டும். மெழுகு ஆறினால் துணியில் ஊறாது. மிகக் காய்ந்தால் கோடு கடந்து பரவும். அப்பதத்தை அறிந்த கை, கூலிக்கை மட்டுமா? அது கற்ற கை. பிறர்க்குக் கற்பிக்க வல்ல கை.

ஆயினும் துணியைப் போற்றுவோர் பட்டறைத் தலைவியின் பெயரையே சொல்கின்றனர். அவர் புகழ் தகுதியானதே. மெழுகிட்டவள் பெயரையும் கேட்க நம் மாணவர்க்குக் கற்பிப்போமாக.