நடன இயக்கச் சிகிச்சை

உடலசைவின் வழியாக நோயாளியோடு உறவை ஏற்படுத்தி, மனநலத்தை மீட்க உதவும் சிகிச்சை முறை. ஆடி நோய் தீர்க்கும் சடங்குகள் பல பண்பாடுகளில் தொன்றுதொட்டு உண்டு. மருத்துவமனைக்குள் இது தனித் தொழிலாக வேரூன்றியது 1940களின் அமெரிக்காவில்.

முன்னோடி மரியன் சேஸ் (1896–1970). ரூத் செயின்ட் டெனிஸும் டெட் ஷானும் நிறுவிய டெனிஷான் நடனப் பள்ளியில் பயின்று, வாஷிங்டனில் நடனம் கற்பித்துவந்தார். மேடையேறும் எண்ணமே இல்லாத சிலரும் வகுப்புக்குத் தவறாமல் வருவதைக் கவனித்தார். அவர்கள் எதை நாடி வருகிறார்கள் என்று யோசிக்க யோசிக்க, கற்பிக்கும் முறையே மாறியது. ஆட்ட நுணுக்கத்தைத் திருத்துவது குறைந்தது. ஒருவர் எப்படி நிற்கிறார், உடலில் எங்கே இறுக்கம் இருக்கிறது என்று பார்ப்பது கூடியது. மனநல மருத்துவர்களும் தம் நோயாளிகளை அவரிடம் அனுப்பத் தொடங்கினர்.

1942இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் அரசு மனநல மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார். போர்க்காலம் அது. மனம் குலைந்து திரும்பிய படைவீரர்கள் வந்துகொண்டே இருந்தனர். மனச்சிதைவுக்கான மருந்துகள் 1950களில்தான் வந்தன. அதனால், பலரை ஒன்றாக வைத்துச் சிகிச்சை தரும் முறைகளுக்குத் தேவை இருந்தது.

சேஸின் அமர்வு பெரும்பாலும் வால்ட்ஸ் இசையோடு தொடங்கும். எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் பேச்சற்று, முன்னும் பின்னும் அசைந்தபடி ஒதுங்கியிருந்தால் சேஸ் வற்புறுத்தி இழுப்பதில்லை. அவரருகே சென்று அதே தாளத்தில் தாமும் அசைவார். அந்த அசைவுக்குள் இருக்கும் உணர்ச்சியை வாங்கித் தம் உடலால் பதில் சொல்வார். மெல்ல மெல்ல அது இருவருக்குமான உரையாடலாகி, பிறகு வட்டம் முழுவதற்கும் பரவும். பிரதிபலித்தல் எனப்படும் இம்முறை இன்றும் இத்துறையின் அடித்தளம். நோய்க்குறியாக மட்டுமே குறித்துவைக்கப்பட்ட அசைவைப் பேச்சாக மதித்ததே சேஸின் பெருங்கொடை.

கலிபோர்னியாவில் வேறொரு கிளை வளர்ந்தது. ஜெர்மானிய நடனக் கலைஞர் மேரி விக்மனிடம் பயின்ற மேரி வைட்ஹவுஸ், உளவியலாளர் யுங்கின் கோட்பாட்டைத் துணைக்கொண்டு, கண்களை மூடி உள்ளிருந்து எழும் அசைவுக்காகக் காத்திருக்கும் முறையை 1950களில் வகுத்தார். சுவிட்சர்லாந்தின் அபிநயக் கலைஞர் ட்ரூடி ஷூப், காமரில்லோ அரசு மருத்துவமனையில் நகைச்சுவையையும் கற்பனையையும் கொண்டு பணியாற்றினார். அசைவைக் கூர்ந்து பதிவுசெய்ய, நடனக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபனின் பகுப்பாய்வு முறை கைகொடுத்தது.

1966இல் அமெரிக்க நடனச் சிகிச்சைச் சங்கம் உருவானது. முதல் தலைவர் சேஸ். அதன் பிறகே பயிற்சித் தகுதியும் பட்டப்படிப்பும் முறைப்பட்டன. 2001இல் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு பார்க்கின்சன் நோயாளிகளுக்காகத் தொடங்கிய வகுப்புகள் உலகெங்கும் பரவியுள்ளன. அவை நடன இயக்கச் சிகிச்சைக்கு நெருங்கிய உறவு, ஆனால் உளச்சிகிச்சை ஆகா.

இந்தியாவில் இத்துறை கண்ட பாதை தனித்துவமானது. சமூகவியல் படித்த நடனக் கலைஞர் சோகினி சக்ரவர்த்தி 2004இல் தொடங்கிய கொல்கத்தா சன்வேத் அமைப்பு, ஆள்கடத்தலிலிருந்து மீண்ட பெண்களிடையே பணியாற்றுகிறது. தன் உடலையே வெறுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள் அதைத் தமக்குரியதாக மீட்டுக்கொள்வதே அங்கு நோக்கம். அவர்களில் சிலர் பயிற்சி பெற்று, இன்று பிறருக்கு அமர்வுகளை நடத்துகிறார்கள்.