வாக்குரிமையின் வயது: பதினெட்டும் பதினாறும்

இந்தியாவில் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது 1989 மார்ச் 28 அன்று. அரசமைப்பின் 326ஆம் உறுப்பில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிய 61ஆவது திருத்தம் அது. 1988 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதனை நிறைவேற்றின. மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் பி. சங்கரானந்த், கர்நாடகத்தின் சிக்கோடி தனித் தொகுதியிலிருந்து பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். மசோதாவுடன் இணைக்கப்பட்ட நோக்க விளக்கம் முன்வைத்த காரணங்கள் சில. பல நாடுகள் 18 வயதை ஏற்றுவிட்டன. சில மாநிலங்கள் உள்ளாட்சித் தேர்தல்களில் ஏற்கெனவே அந்த வயதைக் கடைப்பிடிக்கின்றன. இன்றைய இளைஞர்கள் படித்தவர்கள், விழிப்புள்ளவர்கள்.

மூன்றாவது காரணம் நம்மைச் சற்று நிறுத்த வேண்டும். இளைஞருக்கு வாக்குரிமை தரப்பட்டது நல்லதே. ஆயினும், அவர்கள் படித்தவர்கள் என்பதனால் தருகிறோம் என்று ஓர் அரசு சொல்லுமானால், படிக்க வாய்ப்பற்றோரின் வாக்கு எதன்மேல் நிற்கிறது என்ற வினா எழுகிறது. வாக்களிக்கும் வயதை 16ஆகக் குறைக்கலாமா என்ற இன்றைய விவாதத்திலும் இதே அளவுகோல் வேறு பெயரில் திரும்பி வருகிறது. முன்பு அதன் பெயர் எழுத்தறிவு, இப்போது முதிர்ச்சி.

தகுதி என்னும் பழைய வேலி

காலனிய ஆட்சியில் வாக்கு என்பது சொத்துக்கும் வரிக்கும் பட்டத்துக்கும் கிடைத்த பரிசு. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினரே வாக்காளர்கள். 1935ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வட்டத்தை விரித்ததே தவிர, சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளைக் கைவிடவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் சட்டமன்றங்களுக்குள் நுழைந்தது பெரும்பாலும் நியமனத்தின் வழியே. இரட்டைமலை சீனிவாசன் 1923இல் சென்னை சட்டமன்ற மேலவைக்கு வந்ததும் அவ்வாறுதான்.

இந்த வேலியை அம்பேத்கர் அடையாளம் கண்டது 27 வயதில். 1919 ஜனவரியில் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியமளித்தபோது, தீண்டப்படாதோருக்கு வாக்குரிமைத் தகுதியை வெகுவாகத் தாழ்த்த வேண்டும் என்று அவர் கேட்டார். தீண்டத்தகாதவர் கடை வைத்தால் வாங்க ஆள் வராது. தொழில் செய்ய முடியாதவருக்குச் சொத்து சேராது. சொத்தில்லை என்று சொல்லி வாக்கை மறுப்பது, சாதி செய்த அநீதியை அரசு மீண்டும் ஒருமுறை செய்வதாகும் என்பதே அவரது தர்க்கத்தின் சாரம். பத்தாண்டுகள் கழித்து, சைமன் குழுவுடன் இணைந்து செயல்பட்ட பம்பாய் மாகாணக் குழுவின் உறுப்பினராக, பெரும்பான்மையோடு உடன்படாமல் 1929 மே மாதம் தனி அறிக்கை எழுதினார். அதில் வயது வந்தோர் அனைவருக்குமான வாக்குரிமையைப் பரிந்துரைத்த அவர், எழுத்தறிவுத் தகுதியை நேரடியாகவே மறுத்தார். படிக்காதவர் அறிவற்றவர் என்று கொள்வது ஒரு பிழை, படித்துவிட்டாலே அறிவு கூடிவிடும் என்று கொள்வது மற்றொரு பிழை என்றார். வாக்களிப்பதே ஓர் அரசியல் கல்வி என்பதும் அவர் வைத்த வாதம். 1930இல் முதல் வட்டமேசை மாநாட்டில் அவரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து அளித்த கோரிக்கை மனுவிலும் வயது வந்தோர் வாக்குரிமை இடம்பெற்றது.

1951 கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 18.33 விழுக்காடு. அந்த நிலையில்தான் 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களுடன் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. சின்னங்களைப் பார்த்து வாக்களித்த அந்த மக்கள், படித்தவர்கள் எதிர்பார்த்த குழப்பம் எதையும் நிகழ்த்திவிடவில்லை.

பிரேசில் இதே பாதையை வெகு தாமதமாக வந்தடைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதோருக்கு அங்கே 1985 வரை வாக்கு இல்லை. அடிமைமுறையிலிருந்து வந்த கறுப்பின மக்களே அந்த விலக்கின் பெரும் சுமையைத் தாங்கினர். 1985இல் அந்தத் தடை நீங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1988 அரசமைப்பு 16, 17 வயதினருக்கும் வாக்குரிமை அளித்தது. அவர்கள் விரும்பினால் வாக்களிக்கலாம், 18 முதல் அது கட்டாயம். எழுத்தறிவற்றோருக்கும் வாக்களிப்பது விருப்பமே. தகுதி என்ற சுவர் ஒரு பக்கம் இடிந்தபோது மறுபக்கமும் இடிந்தது என்று இதைப் படிக்கலாம்.

பதினாறு வயதில் சட்டம் யாரைக் காண்கிறது

ஆஸ்திரியா 2007இல் எல்லாத் தேர்தல்களுக்கும் வயதை 16ஆக்கியது. அர்ஜென்டினா 2012இலும் மால்டா 2018இலும் அவ்வழியே வந்தன. ஸ்காட்லாந்தின் 2014 விடுதலை வாக்கெடுப்பில் 16 வயதினர் பங்கேற்றனர். ஜெர்மனியும் பெல்ஜியமும் 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அவர்களை அனுமதித்தன. நியூசிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில், 18 என்ற வரம்பு வயது அடிப்படையிலான பாகுபாட்டுக்கு எதிரான உரிமையுடன் பொருந்தவில்லை என்று அறிவித்தது. பிரிட்டன் அரசு 2025 ஜூலையில் வயதைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஆஸ்திரியாவில் நடந்த ஆய்வுகள், 16–17 வயதினரின் வாக்களிப்பு 18–20 வயதினரைவிடக் குறைந்ததாகக் காட்டவில்லை. இது வியப்புக்குரியதன்று. வீட்டிலும் பள்ளியிலும் இருக்கும்போது முதல் வாக்கைச் செலுத்துவது, ஊரைவிட்டுப் பிரிந்து செல்லும் வயதில் செலுத்துவதைவிட எளிது.

நமது நாட்டில் 16 வயதினரைப் பற்றிச் சட்டங்கள் சொல்வதை அருகருகே வைத்துப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 14 வயதோடு முடிகிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 முதல் 18 வரையுள்ளோரை 'வளரிளம் பருவத்தினர்' என்று தனியே வகுத்து, சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்கள் நீங்கலாக மற்றவற்றில் வேலை செய்ய விடுகிறது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கொடிய குற்றம் சாட்டப்பட்ட 16 வயதினரின் மனத்திறனை மதிப்பிட்டு, பெரியவராகவே விசாரிக்க வழி செய்கிறது. உழைக்கவும் தண்டனை ஏற்கவும் போதுமான முதிர்ச்சி, ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க மட்டும் போதாமல் போகிறது. பள்ளியை முதலில் விட்டு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் எந்தக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் என்பது இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதன்று.

இன்னொரு சான்றும் உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்குவது பதினோராம் வகுப்பில், ஏறத்தாழ 16 வயதில். ஒன்றிய அரசின் பங்கு குறித்துப் பல ஆண்டுகள் நீடித்த இழுபறிக்குப் பின், 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை 60:40 என்ற பகிர்வை முடிவு செய்தது. அந்த இழுபறியில் தொகை வராமல் கல்லூரி வாசலில் நின்றவர்களும், இடையிலேயே படிப்பை விட்டவர்களும் உண்டு. ஓய்வூதியம் தாமதமானால் அரசு அஞ்சுகிறது. உதவித்தொகை தாமதமானால் அஞ்சுவதில்லை. இரண்டுக்குமான வேறுபாட்டில் வாக்குச்சீட்டின் பங்கு சிறிதன்று.

நம் பக்கத்திலிருந்தே எழும் ஐயம்

வயதைக் குறைப்பதை எதிர்ப்போர் அனைவரும் இளைஞரை இகழ்வோர் அல்லர். தலித் இயக்கங்களுக்குள்ளேயே கேட்கும் ஒரு மறுப்பு கவனத்துக்குரியது. தமிழகத்தின் தென்மாவட்டப் பள்ளிகளில் வண்ணக் கயிறுகள் சாதியைச் சுமக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவரது தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். தாக்கியோர் உடன்பயின்ற சிறுவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, கயிறு, மோதிரம் முதலிய சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. சாதிச் சங்கங்கள் பள்ளி வாசலிலேயே ஆள் சேர்க்கும் ஊரில், 16 வயதில் வாக்கைத் தந்தால் அதை அறுவடை செய்வது யார் என்று கேட்கிறார்கள்.

இந்த ஐயத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. வயதைக் குறைத்தால் எல்லாச் சாதியினருக்கும் ஒரே விகிதத்தில் வாக்கு கூடும். எண்ணிக்கையில் தலித்துகளுக்குத் தனி ஆதாயம் எதுவும் இல்லை. ஆனால் சாதிவெறி 18ஆம் பிறந்தநாளில் நின்றுவிடுவதுமில்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதற்காக 1996 முதல் 2006 வரை தேர்தலை நடத்தவிடாமல் தடுத்தோர் சிறுவர்கள் அல்லர். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட அறுவரைக் கொன்றதும் முதிர்ந்த வாக்காளர்களே. சாதியவாதியிடமிருந்து வாக்கைப் பறிப்பது தீர்வென்றால், முதலில் பறிக்க வேண்டியது யாரிடம் என்ற கேள்வி வரும். வாக்கு தரும்போது பாதுகாப்பும் சேர்ந்தே வர வேண்டும் என்பது சரியான நிலைப்பாடு. பாதுகாப்பு இல்லை, ஆகவே வாக்கு வேண்டாம் என்பது 1919இன் குரல்.

பதினெட்டிலேயே கசியும் வாக்குகள்

வயதைக் குறைக்கக் கோருவோர் அதிகம் பேசாத ஒன்று உண்டு. இருக்கின்ற வயதிலேயே வாக்கு எல்லோரையும் சென்றடையவில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது பட்டியலில் இருந்த 18–19 வயதினர் 1.8 கோடிக்குச் சற்று மேல். மக்கள்தொகை முன்கணிப்போடு ஒப்பிட்டால் இது பாதிக்கும் குறைவு. நீண்ட காலம் ஜனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்தது. ஜனவரி 2 அன்று 18 நிறைந்தவர் ஓராண்டு காத்திருந்தார். 2021இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்கள் தகுதி நாள்களாயின. 17 நிறைந்தவர் முன்கூட்டியே படிவம் 6ஐ அளிக்கலாம் என்பது பல கல்லூரிகளில் இன்னும் தெரியாத செய்தி.

அடுத்தது இருப்பிடம். 'வழக்கமாகக் குடியிருப்பவர்' என்பதே பட்டியலில் சேர்வதற்கான நிபந்தனை. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு பெயரும் இளைஞர் எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறார்? விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள், பெற்றோரின் முகவரியிலோ விடுதியின் முகவரியிலோ ஏதேனும் ஒன்றில் பதியலாம் என்பதைத் தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் ஏற்கின்றன. நடைமுறையில் இதைக் கேட்டுப் பெறுவோர் குறைவு. அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. டெக்சாஸ் மாநிலத்தின் பிரெய்ரி வியூ என்ற கறுப்பினக் கல்லூரியின் மாணவர்களை உள்ளூர்வாசிகளாக ஏற்க மாவட்ட அதிகாரி மறுத்தார். அந்நாடு 1971இல் 26ஆவது திருத்தத்தின் வழியே 18 வயதினருக்கு வாக்களித்திருந்தும் நிலை அதுவே. 1979இல் உச்ச நீதிமன்றம் மாணவர்களின் உரிமையை உறுதி செய்தது. வயது வரம்பை அரசமைப்பு தளர்த்திய பிறகு, விலக்கம் பதிவு அலுவலகத்தின் மேசைக்கு இடம்பெயர்ந்தது என்பதே அவ்வழக்கு காட்டும் உண்மை.

2025இல் பிகாரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தமும் அந்த மேசையின் வலிமையைக் காட்டியது. 2004 டிசம்பர் 2க்குப் பின் பிறந்தோர் தம் சான்றோடு தாய், தந்தை இருவரின் சான்றுகளையும் காட்ட வேண்டும் என்றது ஆணையத்தின் உத்தரவு. ஆவணச் சுமையின் உச்சம் விழுந்தது மிக இளைய வாக்காளரின் தலையில். நிலமும் பட்டாவும் பிறப்புச் சான்றும் இல்லாத தலைமுறையின் பிள்ளைகளுக்கு அது எத்தகைய கதவு என்பது வெளிப்படை.

சிறை இன்னொரு கதவு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு, சிறையில் இருப்போர் வாக்களிப்பதைத் தடுக்கிறது. குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகளும் இதில் அடக்கம். உச்ச நீதிமன்றம் 1997இல் இதனை ஏற்றது. 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரங்களின்படி கைதிகளில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 18 முதல் 30 வயதினர். ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். பிணை கட்ட வசதியுள்ளவர் வாக்களிக்கிறார், இல்லாதவர் இழக்கிறார். 1935இன் சொத்துத் தகுதி சிறைவாசலில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தொடங்கக்கூடிய இடம்

மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் வயதைக் குறைக்க 326ஆம் உறுப்பைத் திருத்த வேண்டும். அந்த உறுப்பு பேசுவது அவ்விரு அவைகளைப் பற்றி மட்டுமே. ஊராட்சித் தேர்தல்கள் குறித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தை 243K உறுப்பு, அரசமைப்புக்கு உட்பட்டு, மாநிலச் சட்டமன்றங்களுக்கு அளிக்கிறது. 1989க்கு முன் சில மாநிலங்கள் உள்ளாட்சியில் 18ஐ ஏற்றிருந்தது இத்தகைய வழியில்தான். எனவே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தி, 16 வயதினருக்கு உள்ளாட்சி வாக்கும் கிராம சபை உறுப்பினர் தகுதியும் தர முடியும் என்பதே இக்கட்டுரையின் வாசிப்பு. சட்டமன்ற வாக்காளர் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டு, கூடுதலாக ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டியிருக்கும். அது நிர்வாக வேலை மட்டுமே.

கர்நாடகத்தில் ஊராட்சிகள் குழந்தைகளுக்கெனத் தனி கிராம சபை கூட்டுகின்றன. அங்கே பேசலாம், வாக்கு இல்லை. மயானப் பாதை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, பள்ளிக்கூடப் பேருந்து ஆகியவற்றில் காலனியின் 16 வயதுப் பெண்ணுக்கு உள்ள அக்கறை ஊரின் 60 வயதுப் பெரியவருக்கு உள்ளதைவிடக் குறைந்ததல்ல. ஊராட்சிப் பதவிக்குப் போட்டியிட 21 வயது போதும் என்று 243F உறுப்பு ஏற்கெனவே தளர்த்தியிருக்கிறது, மக்களவைக்கு 25.

ஆயினும் அந்த வாக்கைச் செலுத்த முதலில் தேர்தல் நடக்க வேண்டும். தமிழகத்தின் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, தேர்தலுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர்.