அவசரப் பிரிவின் வரிசையும் நோயாளியின் சொல்லும்

ஆக்லாந்தின் கிழக்கே பாட்டனி டவுன்ஸில் வாழும் தமிழர் அவசர நோய்க்கு நாடுவது மிடில்மோர் மருத்துவமனையை. அங்கு முன்வந்தவர்க்கு முதலிடம் என்பதில்லை. படைநிலை நோக்காது காயத்தின் கடுமை நோக்கியே மருத்துவம் செய்தல் வேண்டும் என நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரே வகுத்த நெறியின் நீட்சி இது. ஆஸ்திரேலியாவின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருப்பெற்ற அளவுகோல் 1990களில் தேசிய அளவுகோலாகி, 2000இல் ஆஸ்திரலேசிய அளவுகோல் எனப் பெயர் பெற்றது. நியூசிலாந்தும் பின்பற்றும் அதன் ஐந்து படிகளுக்குரிய காத்திருப்பு: உடனடி, 10, 30, 60, 120 நிமிடங்கள்.

படியை முடிவுசெய்பவர் வாயிலில் நோயாளியைக் காணும் செவிலியர். நாடியையும் மூச்சையும் அவர் கணிக்கிறார், சொல்லையும் கேட்கிறார். இதயநோய் என ஐயுறத்தக்க நெஞ்சுவலி இரண்டாம் படிக்குரியது. 'நெஞ்சு கரிக்கிறது', 'நெஞ்சை அடைக்கிறது' என்பன தமிழில் இருவேறு நோவுகள். உடன்வந்த பேரப்பிள்ளை இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் பெயர்த்துவிடக்கூடும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலோ சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் செவிலியர்க்கும் நோயாளிக்கும் பெரும்பாலும் மொழி ஒன்றே.

நியூசிலாந்தின் 1996ஆம் ஆண்டு நோயாளர் உரிமை விதித்தொகுப்பு, தேவையும் நடைமுறை இசைவும் உள்ளவிடத்துத் தகுதியுடைய மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை வழங்குகிறது. பத்து நிமிடக் கெடுவுக்குள் அந்த 'நடைமுறை இசைவு' எவ்வளவு சுருங்கும் என்பதே முதியவர் ஒருவரின் படியை முடிவுசெய்கிறது.