மீனுக்குள் ஒரு காயில்

மின்னியல் படித்தவன் மீனைப் பற்றி எழுதுகிறேன், நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1916-லேயே சால்மன் குஞ்சுகளின் துடுப்பை நறுக்கி, அடையாளமிட்டுக் கடலுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தால் எந்தக் கூட்டம் என்று தெரியும். எந்த மீன் என்று தெரியாது. 1960-களில் மூக்கில் செலுத்தும் 1 மில்லிமீட்டர் கம்பித்துண்டு வந்தது. அதைப் படிக்க மீனைக் கொன்றாக வேண்டுமே!

1980-களில் வந்ததுதான் நம்ம ஆட்கள் வேலை. நெல்மணியைவிடச் சற்றே நீளமான, 12 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழல். உள்ளே ஒரு காயில், ஒரு சில்லு. பேட்டரி கிடையாது. அணையின் மீன்பாதையில் பொருத்திய ஆன்டெனாவின் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துத் தன் எண்ணைச் சொல்லும்.

கோடையில் ஐடஹோ ஓடைகளில் இறங்கி, விரல் நீளக் குஞ்சைப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, வயிற்றுக்குள் ஊசியால் செலுத்தி, அதே ஓடையில் விட்டுவிடுவார்கள். அடுத்த வசந்தத்தில் அது கடலுக்குக் கிளம்பும். வழியில் எட்டு அணைகள்.

1992-ல் ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பிய சாக்கை சால்மன் ஒன்றே ஒன்று; அதுவும் ஆண். எத்தனை குஞ்சு எந்த அணை வரை பிழைத்தது என்று, மீனைக் கொல்லாமல் கணக்குப் போட அந்தக் காயில்தான் கைகொடுக்கிறது.